அழுகிற பண்பாட்டு விழா

2009 மே மாதத்தில் இலங்கையில் போர் முடிந்தது. ஜூலையில், டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் சங்கத்தின் இணையத்தளத்தில் கிடந்த நாற்பத்தேழு படங்கள். ஜனவரிப் பனியில் கோபன்ஹேகன் நகரசபைச் சதுக்கத்தில் நின்று, போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் கத்திய படங்கள். எல்லோர் கையிலும் பதாகை இருந்தது. அவற்றை எங்கள் கைகளில் திணித்தவர் செயலாளர் தவராஜா அண்ணை. "முகத்தை மறைக்காதேங்கோ, உலகம் பாக்கட்டும்" என்றவரும் அவர்தான். உலகம் பார்த்துவிட்டதோ என்று முதலில் நடுங்கியவரும் அவர்தான். இத்தனைக்கும் அவர் எங்கேயும் போக விமானச் சீட்டு எடுத்திருக்கவில்லை.

எடுத்திருந்தவர் விக்ரோரியா அக்கா. மன்னார்க்காரி, இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. அவருடைய ஒரே தம்பி ஸ்ரனிஸ்லாஸ் மே மாதத்திலிருந்து காணாமல் போயிருந்தார். வவுனியா முகாமொன்றில் கண்டதாக யாரோ சொல்ல, அக்கா ஆகஸ்ட் பன்னிரண்டாம் திகதிக்குப் பயணம் போட்டுவிட்டார். கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி ஒருவன் இந்தப் படங்களில் ஒன்றைக் காட்டி "இது நீதானே?" என்று கேட்டால் எல்லாம் முடிந்தது. முகாம் வாசலைக்கூடக் காண முடியாது.

"படங்களை அழிச்சுவிட்டாச் சரிதானே?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன்.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? இந்த வருசம் சங்கம் செய்த ஒரே வேலை அதுதான். சங்கத்துக்குக் காசு தாற கொம்யூன் கந்தோருக்கு அனுப்பின அறிக்கையில அந்தப் பக்கத்தைத்தான் குடுத்திருக்கிறன்" என்றார் தவராஜா அண்ணை. நாற்பத்தேழில் நாற்பத்தொன்றில் தான் முன்வரிசையில் நிற்பதை அவர் சொல்லவில்லை. "நீர் வேலையில கமராவால எழுத்து வாசிக்கிறனீரெல்லோ? படம் இருக்கட்டும். எழுத்தை மட்டும் மாத்திவிடும்."

என் வேலை பால் பெட்டிகளில் அச்சடித்த திகதி சரியா என்று கமராவால் பார்க்கும் கணினி நிரல் எழுதுவது. பால் பெட்டிக்குச் செய்வதைச் சனங்களுக்கும் செய்யலாம் என்று அண்ணை கண்டுபிடித்துவிட்டார்.

சரி, பதாகைகளில் புதிதாக என்ன எழுதுவது? ஜனவரி மாதம் என்பதால் "தைப்பொங்கல் விழா" என்றார் அண்ணை. சங்க உறுப்பினர் காலேப் துள்ளி எழும்பினார்.

"நான் பெந்தகோஸ்து. சூரியனுக்குப் பொங்குற பனரோட நான் நிக்கிறதைப் பாஸ்ரர் கண்டால் என்ன சொல்லுறது?"

"நீர் எங்கையப்பா பிடிக்கிறீர்? கொம்பியூட்டரெல்லோ பிடிக்குது!"

போரை நிறுத்த என்ன கோஷம் போடுவது என்று முடிவெடுக்க ஜனவரியில் பத்து நிமிடம் போனது. நடக்காத விழாவுக்குப் பெயர் வைக்க இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் எந்த மதத்துக்கும் கோபம் வராதபடி "தமிழ்ப் பண்பாட்டு விழா 2009" என்று டேனிஷில் எழுதத் தீர்மானமாயிற்று.

நிரல் எளியது. முதலில் படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடும். பிறகு அதைச் சுற்றியுள்ள நிறங்களை இழுத்து அந்த இடத்தைப் பூசி மெழுகும். அதன்மேல் பதாகையின் சரிவுக்கேற்பப் புதிய எழுத்தைப் போடும். ஒரு சனி ஞாயிறில் முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டும் கண்ணீர் விட்டுக்கொண்டும் நூற்றுக்கணக்கானோர் பண்பாட்டு விழா கொண்டாடினார்கள். இவ்வளவு துக்கமான பண்பாடா என்று கொம்யூனில் யாரும் கேட்கவில்லை.

பத்துப் படங்களைத் திறந்து பார்த்தேன். நன்றாக இருந்தன. மற்றவற்றைப் பார்க்கவில்லை. பால் பெட்டியிலும் எல்லாவற்றையும் நாங்கள் பார்ப்பதில்லை.

அசல் படங்களை அழிக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டுமென்று தவராஜா அண்ணை வீட்டுக்கே வந்தார். தன் கணினியைத் துடைத்துவிட்டாராம். பதாகைகளையும் சங்கத்துப் பைல்களையும் நகரக் கழிவு நிலையத்தில் எரிக்கும் குப்பையோடு போட்டுவிட்டாராம். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே "ஒரு தடயமும் இருக்கக் கூடாது" என்றார். நானும் வேலையை ஒழுங்காகச் செய்கிறவள். யாராலும் மீட்க முடியாதபடி அழித்தேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி விக்ரோரியா அக்கா வந்தார்.

"நிலக்ஷி, ஒரு படம் மட்டும் பெருப்பிச்சுத் தாரும். நான் தம்பியின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. அதில அவன்ர முகத்தை வெட்டித் தந்தாக் காணும். முகாமில காட்டிக் கேக்கோணும்."

"வீட்டில அவற்ற படம் இல்லையோ, அக்கா?"

"இருந்தது ஒண்டுதான். பதாகையில போடத் தவராஜா அண்ணையிட்டக் குடுத்தனான். பைலோட போயிட்டுதாம். ஊரில வீடே இல்லை, படத்துக்கு எங்கை போறது?"

முப்பத்திரண்டாவது படம். திறந்தேன்.

அந்தப் பதாகையில் "இவர் எங்கே?" என்ற கேள்வியும் பெயரும் முகத்தின் கீழ்ப்பாதியின் மீதே பெரிதாக அச்சாகியிருந்தன. எழுத்துப் பெரிதாக இருந்தால்தான் டேனிஷ்காரனுக்குத் தெரியும் என்பது அண்ணையின் கட்டளை. என் நிரல் ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்து அழித்து, பக்கத்துத் தோலின் நிறத்தை இழுத்துப் பூசியிருந்தது. நெற்றி இருந்தது. கண்கள் இருந்தன. மூக்குக்குக் கீழே வெறும் தோல்; வாயில்லை, நாடியில்லை. கழுத்துக்குக் குறுக்கே பண்பாட்டு விழா 2009.

அதுவரை நக்கலடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் அதிகம் படித்த முட்டாள் நான்தான்.

"திருப்பி எடுக்கேலாதோ?"

"ஏலாது, அக்கா. நான்தான் அழிச்சனான்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரையில் கழுத்துக்குக் குறுக்கே இருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அந்த விழாவை மட்டும் எடுத்துவிடும்" என்றார்.

எடுத்தேன். நிரல் கழுத்தையும் ஒருமுறை பூசி மெழுகியது. அச்சடித்துக் கொடுத்த தாளை அக்கா மேசையில் கவிழ்த்து வைத்து, என்னிடம் பேனாவை நீட்டினார்.

"பின்பக்கத்தில எழுதும். படத்தில இல்லாததை நான் சொல்லுறன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழுதடு தடிப்பு. நாடியில் சின்னக் குழி. சிரித்தால் இடப்பக்கத்துப் பல் ஒன்று முன்னே தெரியும்.