முகம் தெரியணும்

"என்னம்மா இது, கல்யாண ஆல்பத்துக்கா அனுப்பினே? கன்னம் பளபளன்னு இருக்கு. அடி எங்கேம்மா?" என்று போனில் எரிந்து விழுந்தார் வக்கீலம்மா.

வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் நீலமாய்க் கன்றிக் கிடந்தது. படத்தில் பார்த்தால் அது மாயம்! பரு தெரியாமல் செல்ஃபி எடுக்க முகத்தை அழகாக்கும் வசதியைப் போனில் போட்டு வைத்தவள் இவளேதான். அந்தப் பாழாய்ப்போன போன், அக்காவைக் கட்டிய மாமா அடித்த அடியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

"மத்தியானம் ஜட்ஜ்கிட்ட மனு கொடுக்கிறேன். அந்த ஆள் இவளை நெருங்கக்கூடாதுன்னு உத்தரவு கேக்கணும்னா படம் வேணும். அதுவும் முகத்தோட வேணும். வெறும் தாடையக் காட்டினா, யாரோட தாடைன்னு கேப்பாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அக்கா நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "முகமெல்லாம் வேணாம் வாலு. அவரு வந்துட்டிருக்காராம். பேசாம அவரோட கிளம்பிடறேனே."

"கொன்னுடுவேன் உன்னை. உக்காரு."

போட்டோ வகுப்புக்குப் போக ஆரம்பித்து மூன்று ஞாயிறுதான் ஆகிறது. அதற்காக வாங்கிய கேமராவில் இதுவரை எடுத்ததெல்லாம் தக்காளியும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான். பூனைகூட பாதிக்குப் பாதி வாலாகத்தான் வந்தது. இருந்தாலும் வேறு யார் இருக்கிறார்கள்? கேமராவை எடுத்தாள்.

ஃப்ளாஷ் பளிச்சென்று அடித்தது. அக்காவின் முகம் வெள்ளையடித்த சுவராக வந்தது, காயத்தின் நிறமே இல்லை. ஃப்ளாஷை அணைத்துவிட்டு விளக்கடியில் எடுத்தாள். எல்லாமே மஞ்சள், போதாக்குறைக்குக் கலங்கல். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாக மூடும், அதற்குள் கை ஆடினால் படம் கெட்டுவிடும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். அன்றைக்கு இவள் பின்வரிசையில் உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தாள். இப்போது தன்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

"இன்னொரு தடவை. கொஞ்சம் நிமிரு."

"எத்தனை தடவைடி?" அக்கா வெடித்தாள். "நீ போட்டோ கத்துக்க என் மூஞ்சிதான் கெடைச்சுதா?"

சுருக்கென்றது. வாலு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் கன்னத்தின் வீக்கமும் நிறமும் அப்படியே எழுந்து வந்தன. இதுதான்! அவசரமாக அமுக்கினாள். திரைச்சீலையின் பூப்போட்ட ஓரம் தெள்ளத் தெளிவாக விழுந்திருந்தது. அக்காதான் மங்கல்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"வாலும்மா, மாமாடா. கதவைத் திற. உங்க அக்காவுக்குப் பிடிச்ச ஆரஞ்சு வாங்கிட்டு வந்திருக்கேன்." குரலில் தேன் ஒழுகியது. பாவி மனுஷன், எப்படித்தான் வருகிறதோ அந்தக் குரல்.

அக்கா சட்டென்று எழுந்தாள். பழக்கதோஷம், கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது. இரண்டு எட்டில் கதவு. போய்விடுவாள், போனால் அவ்வளவுதான்.

"சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்காதே, கண்ணு. ஒரு தட்டுத் தட்டினதுக்கா இவ்வளவு?" என்றது கதவுக்கு வெளியே குரல்.

அக்கா நின்றாள். கதவையே பார்த்தாள். பிறகு திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, முகத்தை நிமிர்த்தினாள்.

"எடு. முகத்தோட எடு."

வாலு முழங்கைகளை மேசையில் ஊன்றினாள். கேமரா குறிபார்க்கும் ஃபோகஸ் கட்டத்தை இந்தத் தடவை அக்காவின் கண்ணில் வைத்து, மூச்சைப் பிடித்து அமுக்கினாள். அவசரமாகப் போனுக்கு மாற்றி அனுப்பினாள். கதவில் இப்போது தட்டல் இல்லை, குத்து. "ஏய், திறங்கடி!"

வக்கீலம்மாவின் பதில் வந்தது. "தெளிவா இருக்கு. இது போதும். கதவைத் திறக்காதீங்க, போலீசுக்குச் சொல்லிட்டேன்."

"போதுமாம்க்கா! முடிஞ்சுது!" என்று வாலு கேமராவைக் கீழே வைக்கப் போனாள்.

"வைக்காதே." அக்கா நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாள். ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றி முதுகிலிருந்து இறக்கினாள். கோடு கோடாகப் பழைய தழும்புகள், இடுப்பு வரைக்கும். கல்யாணத்துக்கு முன்பு வாலு கட்டிக்கொண்டு தூங்கிய முதுகு அது. இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாது.

கதவு அதிர்ந்தது. வாலுவின் கண் நிறைந்து கட்டம் எதுவும் தெரியவில்லை.

"அழாம எடுடி, படம் ஆடிடப் போகுது" என்றாள் அக்கா.