தாடி வைத்த சக்களத்தி

கீழ்க்கடலின் விளிம்பில் செங்கதிர் தலைகாட்டும் பொழுது. வடக்கே எண்ணூரின் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வெண்புகையை வான்நோக்கி விடுத்து நிற்க, திருவொற்றியூர்க் கோபுரத்தின்மேல் புறாக்கள் சிறகுதறி எழ, காசிமேட்டுத் துறையில் விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து அணைய, சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த நெடுவண்டிகள் நகர்ந்தும் நகராமலும் சாலையை அடைத்துக் கிடக்க, மீனும் கரியும் உப்பும் கலந்த காற்று இராயபுரத்துத் தெருக்களுள் உரிமையோடு புகுந்து உலவியது. அக்காற்று நாள்தோறும் முதலில் நுழையும் வீடுகளுள் ஒன்று, அடுக்குக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் இருந்த சொக்கம்மாளின் வீடு. அதன் சாளரத்தைத் திறந்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கண்ணெதிரே நிற்கும்.

நயமறிந்து படிப்போரே, அச்சாளரத்தை நோக்கி நாற்காலியில் அமர்ந்திருப்பவன் அவள் கணவன் சுயம்பு. இருபத்திரண்டு ஆண்டுகள் பாரந்தூக்கியின் உச்சிக் கூண்டில் அமர்ந்து, வீடளவு பெட்டகங்களைக் கப்பலிலிருந்து எடுத்துத் தரையில் ஓசையின்றி இறக்கியவன். ஐந்து திங்களுக்கு முன் மூளையின் வலப்புறத்தே குருதி அடைபட்டு, இடக்கையும் இடக்காலும் சோர்ந்து வீழ்ந்தான். உயிர் பிழைத்தது, பேச்சும் நினைவும் பிழைத்தன. போனது, பிறர் முகங்கண்டு உள்ளம் அறியும் ஆற்றல். இது இன்னார் முகம் என்று தெரியும். அம்முகத்தில் நிற்பது உவகையா, வியப்பா, அச்சமா என்பது தெரியாது. குரலின் ஏற்ற இறக்கமும் அவனுக்குப் பொருளற்றுப் போயிற்று.

பழகுவதற்கென்று மருத்துவர் சில படங்கள் தந்தார். சிரிக்கும் பெண்ணின் படத்தைக் காட்டினால், "வாயத் தொறந்துகினு கீது" என்பான். அஞ்சி நடுங்கும் ஆடவனின் படத்தைக் காட்டினால், "கண்ணு பெருசா கீது, தூங்கல போல" என்பான். இதையெல்லாம் சொக்கம்மாள் பொறுத்தாள். ஒருநாள் அவனெதிரே அமர்ந்து அவள் நெஞ்சார முறுவலிக்க, "இன்னா சொக்கு, பல்லு வலிக்குதா?" என்று கேட்டானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தெருமுனையில் வரும்போதே, மேலே அவள் நிற்கும் நிலையைக் கண்டு இன்று வீட்டில் சண்டை உண்டா இல்லையா என்று அறிந்துகொண்டவன் அவன். அந்தப் பார்வை திரும்ப வேண்டும். அதுவும் தன் முகத்தில்தான் முதலில் திரும்ப வேண்டும். அவள் வேண்டியது இவ்வளவே.

இந்நிலையில் வந்து சேர்ந்தான் அத்தாவுல்லா. இரைச்சலில் வாய்ச்சொல் செல்லாத துறைமுகத்தில், தரையில் நின்று ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சுயம்புக்குக் கைகாட்டியே தாடி நரைத்தவன். படங்களைப் புரட்டிப் பார்த்தான். சிரிக்கும் பெண்ணின் படத்தை முழங்கால்மேல் வைத்து, சுட்டுவிரலை மேல்நோக்கி நிறுத்திச் சுழற்றினான்; மேலே ஏற்று என்பது அதன் பொருள். "மாமு, இந்தம்மா மனசு இப்டி கீது" என்றான். வியந்தவன் படத்திற்குக் கையைப் பக்கவாட்டில் வீசிச் சுமையைத் திருப்புமாறு காட்டினான். அஞ்சியவன் படத்திற்குக் கையை விறைப்பாக நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தான். நிறுத்து என்று பொருள். சுயம்பு கையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், ஐந்து திங்களில் முதன்முறையாகச் சிரித்தான். "அது சந்தோசம். இது பயம். சரியா பாய்?"

இட்டிலித் தட்டை ஏந்தி வாயிலில் நின்ற சொக்கம்மாள் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை, வயிறு எரிந்தது. தான் ஐந்து திங்களாய் அழுதும் சிரித்தும் திறக்காத கதவை, எவனோ ஒருவன் ஒற்றை விரலைச் சுழற்றித் திறந்துவிட்டானே என்று எரிந்தது. ஒரு பெண் வந்து கணவனை மயக்கினால் ஊரைக் கூட்டலாம், கூந்தலைப் பற்றி இழுக்கலாம். வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியுமாய் ஒரு சக்களத்தி வந்து வாய்த்தால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? நாள்தோறும் அவன் வருவதும், இருவரும் கைகளால் பேசிச் சிரிப்பதும், அவள் கேட்டால், "இது எங்க வேலப் பேச்சு சொக்கு" என்று கணவன் சொல்வதுமாய்ப் பத்து நாள் சென்றது. பதினோராம் நாள் அவள் வாயிலிலேயே வழிமறித்தாள்.

"பாய், கொஞ்ச நாளிக்கி வராத. ஆளுங்க வந்தா அவருக்குத் தலைல சூடு ஏறுதாம். டாக்டர் சொன்னாரு."

அத்தாவுல்லா அவளைச் சற்றே பார்த்து நின்றான். "சரி தங்கச்சி. ஒடம்பு தேறட்டும்" என்று, கொண்டுவந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினான். அவள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தாள்.

அதன்பின் கணவன் அவளுக்கே உரியவன் ஆனான். ஆயினும் அவள் முகம் அவனுக்கு உரியதாகவில்லை. காலைதோறும் சாளரத்திற்கு முதுகு காட்டி அவனெதிரே நின்று, சிரித்தும் சினந்தும் காட்டினாள். அவனோ சிறிது நேரம் விழித்துப் பார்த்துவிட்டு, வலக்கை விரல்களை மடக்கிக் கண்ணுக்குக் கீழே வைத்து, பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டுவான். ஒருமுறையன்று, ஓயாமல். துறைமுகத்தை நோக்கி அத்தாவுல்லாவைத்தான் அழைக்கிறான் என்று கொண்டாள் சொக்கம்மாள். எதிரே ஒருத்தி உயிரோடு நிற்க, இல்லாதவனையா கூப்பிடுகிறாய் என்று பொருமி, சாளரத்தின் திரைச்சீலையை இழுத்து மூடினாள். மூடிய பின்னும் அக்கை அவ்வாறே எழுந்து நீண்டது.

அவனைத் தடுத்த இருபதாம் நாள் பொறுக்கமாட்டாமல் துறைமுக வாயிலருகே உள்ள தேநீர்க் கடைக்கே சென்றாள். அத்தாவுல்லா தனியே அமர்ந்திருந்தான்.

"உன்ன வுட்டா அவருக்கு ஒலகத்துல வேற ஆளே இல்லியா பாய்? காலைல எழுந்தா உன்னயே கூப்ட்டுகினு கீறாரு" என்று சொல்லி, மடக்கிய கையைக் கண்ணுக்குக் கீழே வைத்து, பிறகு விரித்துக் காட்டினாள்.

அவன் குவளையைக் கீழே வைத்தான். "யார் முன்னால காட்டுனாரு?"

"என் முன்னாலதான்."

"அது கூப்புடுறது இல்ல தங்கச்சி. கப்பல் நெழல்ல நான் மறைஞ்சிட்டா, மேலருந்து எனக்கு அப்டித்தான் காட்டுவாரு. 'நீ எனுக்குத் தெரியல, கையக் காட்டு'ன்னு அர்த்தம். நான் காட்டுற வரைக்கும் பொட்டி நடுவானத்துல தொங்கும், எறக்கவே மாட்டாரு." அவள் விரித்த கையைச் சுட்டினான். "உன் கையத்தான் கேக்குறாரு."

சொக்கம்மாள் பலகையில் அமர்ந்தாள். இத்தனை நாளாய் எந்த மொழியைக் கண்டு வயிறெரிந்தாளோ, அந்த மொழியில் அவளிடமே அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"டாக்டர் ஒன்னும் சொல்லல பாய். நாந்தான் சொன்னேன்."

"தெரியும். அன்னிக்கே உன் மூஞ்சி சொல்லிச்சு."

அவள் பிறகு மெல்லக் கேட்டாள்: "பொறாமைக்கு இன்னா கை பாய்?"

"அதுக்கு நம்ம வேலைல கை கெடையாது. பயத்துக்குக் கீதே, அதக் காட்டு. போதும்."

வீடு திரும்பியவள் திரைச்சீலையை விலக்கினாள். இம்முறை ஒளிக்கு முதுகு காட்டவில்லை; கணவனின் நாற்காலியருகே, வெளிச்சம் தன்மேல் விழுமாறு தரையில் அமர்ந்தாள். வலக்கையை விறைப்பாக நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தாள். சுயம்புவின் பார்வை அக்கையில் விழுந்து, முழங்கை வழியே தோளேறி, தோளிலிருந்து முகத்திற்கு வந்து நின்றது.

"பயமா சொக்கு? இன்னாத்துக்கு?"

"உனுக்கு நான் தெரியாமப் போயிடுவனோன்னு."

அவன் தன் வலக்கையை உயர்த்தி, சுட்டுவிரலைக் கீழ்நோக்கி மெல்ல, மிக மெல்லச் சுழற்றினான். அக்குறியை அவளுக்கு எவரும் கற்பித்ததில்லை, கற்பிக்கவும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை திங்களாய்த் தொங்கிக்கொண்டிருந்த பாரத்தை அவன் முழங்கால்மேல் இறக்கிவைத்து அழுதாள்.

மறுநாட் காலை அத்தாவுல்லா வந்தபோது, அரிசிப் பானைக்குப் பின்னிருந்த பேரீச்சம்பழங்கள் தட்டில் வந்தன. அவள் அழுக்காறு அன்றோடு அழிந்தது என்று நான் எழுதினால் பொய்யாகும். அவ்விருவரும் சிரிக்கும்போது அடுக்களையில் ஏனங்கள் சற்று உரக்கவே ஒலிக்கின்றன. ஆயினும் படிப்போரே, முகம் ஒன்று இருந்தால் போதும், உற்றவர் தாமே அறிந்துகொள்வர் என்று இத்தனை ஆண்டுகள் இறுமாந்திருந்தவள், அறிபவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வந்து நிற்பதும் அன்பின் வேலைதான் என்பதைக் கற்றுக்கொண்டாள். இன்றும் சுயம்பு முதலில் பார்ப்பது அவள் கையைத்தான். முகத்தைப் பிறகுதான் பார்க்கிறான்; நாளுக்கு நாள் சற்றுக் கூடுதலான நேரம் பார்க்கிறான்.