ஐம்பத்து மூன்று ஓம்

என் மாவை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதையே பலகையில் எழுதி வாசலில் மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, அக்ரஹாரத்தில் செலுவநாராயணன் சாரின் டிபன் ரூம் முன்னால் இரண்டு வாளி இட்லி மாவோடு ஸ்கூட்டரை நிறுத்தினேன். வாசல் கரும்பலகையில் கன்னடத்தில் எழுதியிருந்தது: "மாவு சரியில்லாததால் இட்லி வேகவில்லை. மன்னிக்கவும். திங்கள் முதல் வேறு இடத்து மாவு."

நாலு வருடமாக அந்தக் கடைக்கு மாவு ஊற்றுவது நான் ஒருத்திதான். பலகையில் தமிழ்ப்ரியா என்று என் பெயரை எழுதாததுதான் குறை. அதே தெருவில் பதினோரு வீட்டுக்கும் ஒரு ஹாஸ்டலுக்கும் என் மாவுதான் போகிறது. பலகையை அவர்களும் படிப்பார்கள், அப்புறம் என் கிரைண்டர்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். அவமானமாக இருந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"சார், இதை எழுதினது நீங்களா?"

"வேற யாரும்மா எழுதுவா? நாலு நாளா இட்லி நடுவுல பச்சையா இருக்கு. ரெண்டு பேர் தட்டை அப்படியே வெச்சுட்டுப் போயிட்டா. நான் என்ன பண்றது?"

"எங்க ஊட்லயும் இன்னைக்கு இதே மாவுதானுங்க. சாப்பிட்டுப் பாருங்க."

வீட்டில் சுட்ட இட்லி இருந்த டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒரு வாய் தின்றார். நன்றாக இருக்கிறது என்று முகம் சொல்லியது, வாய் சொல்லவில்லை.

"என் ஸ்டீமர்ல ஒரு தப்பும் இல்லைம்மா. சிவப்பு லைட் எரியறது, தண்ணி கொதிக்கறது. மெக்கானிக்கும் வந்து பார்த்தான். வோல்டேஜ் கொஞ்சம் கம்மி, வேற ஒண்ணும் இல்லைன்னுட்டான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். எங்கள் ஊர் ஹனூரில் இருந்து தினம் பஸ் ஏறிப் போய்ப் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்தவள். வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் அதை யார் கேட்கிறார்கள்?

ஸ்டீமரின் முகப்பில் இரண்டு எண்கள் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன. மேலே வோல்ட், 212. கீழே ஆம்பியர், 4.0. பக்கத்துத் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று அச்சாகியிருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பலகையை மேடையில் சாய்த்து வைத்தேன். அவர் எழுதியதற்குக் கீழே காலி இடம் இருந்தது. சாக்பீஸ் கேட்டு வாங்கி, கணக்கை எழுதிக்கொண்டே சொன்னேன்.

"வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட்டுங்க. 212 தரம் 4, 848. ரெண்டாயிரம் வாட்டுன்னு தகட்டுல இருக்குது, வேலை செய்யறது அதுல பாதி கூட இல்லைங்க."

"அதான் வோல்டேஜ் கம்மின்னு சொன்னானே."

"வோல்டேஜ் கொறைஞ்சா வாட் கொறையுமுங்க, வாஸ்தவம். ஆனா உள்ள சூடாகற காயிலோட ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கற தடை, அதுக்காக மாறாதுங்க. வோல்டேஜை ஆம்பியரால வகுத்தா அது வந்துரும். 212-ஐ நாலால வகுங்க."

"ஐம்பத்து மூணு," என்றார்.

"ஐம்பத்து மூணு ஓம். புதுசுல எவ்வளவு இருந்திருக்கணும்? 2000-ஐ 230-ஆல வகுத்தா 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல வகுத்தா இருபத்தாறரை. இப்ப அதுக்குச் சரியா ரெண்டு மடங்கு இருக்குது. இந்த மாதிரி ஸ்டீமர்ல உள்ள ரெண்டு காயில் இருக்கும், கரண்ட் போக ரெண்டு வழி. ஒரு வழி அடைபட்டாத்தான் தடை ரெண்டு மடங்கு ஆகும். ஒரு காயில் செத்துப்போச்சுங்க. மிச்சம் இருக்கிறது தண்ணியைக் கொதிக்க வைக்கும், ஆனா நாப்பது இட்லிக்கு ஆவி பத்தாது."

சமையல்கார பசம்மா சட்னியை விட்டுவிட்டு வந்து நின்றாள். "ஆவி கம்மின்னு நான் செவ்வாய்க்கிழமையே சொன்னேன்," என்றாள் கன்னடத்தில், யாரையும் பார்க்காமல்.

"பின்னாடி மூடியைத் திறங்க சார். என் கணக்கு தப்பா இருந்தா திங்கள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாளியையும் எடுத்துட்டுப் போயிடறேன்."

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நாலு ஸ்க்ரூவையும் நானே கழற்றினேன். காயிலுக்குப் போகும் வயர் ஒன்று முனை கருகிக் கழன்று தொங்கியது. காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டில் ஒரு வழி அடைபட்டிருக்கிறது என்பதுவரை கணக்கு சரி. காயில் செத்துப்போச்சு என்றது என் வாய்க்கொழுப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

கருகியதை வெட்டி, வயரைச் சீவிப் புது முனை எடுத்து மாட்டி, இறுக்கினேன். மூடியைப் போட்டு பிளக்கைச் சொருகச் சொன்னேன். ஆம்பியர் 8.0 காட்டியது.

அவரே என் வாளி மாவைத் தட்டுகளில் ஊற்றி உள்ளே வைத்தார். பன்னிரண்டாவது நிமிடம் பசம்மா தட்டை இறக்கி ஓர் இட்லியைப் பிட்டுக் காட்டினாள். நடுவில் பச்சை இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்ல நாக்கு துடித்தது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன்.

செலுவநாராயணன் சார் ஈரத்துணி எடுத்துப் பலகையில் தான் எழுதியதை மட்டும் துடைத்தார். என் கணக்கைத் தொடவில்லை. அப்படியே கொண்டுபோய் வாசலில் மாட்டினார்.

எட்டு மணிக் கூட்டத்தில் முதலில் வந்தவர் ஹேமந்த், தினமும் நாலு இட்லி சாப்பிடும் பேங்க்காரர். "இதென்ன ஸ்வாமி, இட்லிக் கடையில் கணக்குப் பாடம்? என்ன எழுதியிருக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"மாவு நல்ல மாவுன்னு எழுதியிருக்கு," என்று அதே கன்னடத்தில் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் சார். "எனக்குத்தான் படிக்கத் தெரியலை."

உள்ளே வாளியைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. பசம்மா என்னவென்று கேட்டாள். ஆவி பட்டுவிட்டது என்றேன். இப்போதுதான் ஆவிக்கு ஒன்றும் குறைவில்லையே.