வருஷத்தில் நாலு நாள்

...நாக்கு கழன்று ஓடிவிட்டது, மணியின் நாக்கைச் சொல்கிறேன், என்னுடையது இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இருந்தும் பிரயோசனமில்லை என்பது வேறு விஷயம், ஒருமுறை அடித்துவிட்டுக் காத்திருக்கவும் என்று சுவரில் பலகை மாட்டியிருக்கிறார்கள், நானும் ஒருமுறைதான் அடித்தேன், ஆனால் பேருந்தில் வரும்போதிலிருந்து சேர்த்து வைத்திருந்த படபடப்பு முழுவதும் அந்த ஒரே அடியில் கைப்பிடி வழியாக இறங்கிவிட்டது போலிருக்கிறது, டிங் என்று பாதி, அப்புறம் டக், அப்புறம் தரையில் ஏதோ உருண்டு போகிற சத்தம்... ஆகவே கன்னியர் மடத்தின் பார்வையாளர் அறையில், எபிரேய வேதத்தை மொழிபெயர்க்கும் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினன், மண்டியிட்டு, தலையை அலமாரிக்கு அடியில் நுழைத்து, மிச்சத்தை வெளியே நீட்டிக்கொண்டு இருந்த வேளையில்தான் வாசல் பார்க்கும் சிஸ்டர் வந்தார். "யாரு?" "நான்தான் சிஸ்டர்." "எந்த நான்? முகத்தைக் காட்டினாத்தானே தெரியும்." காட்டினேன். ஒட்டடையோடு. அவர் என்னைப் பார்த்தார், மேசை மேல் ஊமையாகக் கவிழ்ந்து கிடந்த மணியைப் பார்த்தார், என் கையிலிருந்த இரும்புக் குண்டைப் பார்த்தார். "பழைய மதர் காலத்து மணி. ஒரே அடியில முடிச்சிட்டீங்களே." மன்னிப்புக் கேட்டேன். "கம்பி ஏதாவது இருக்கான்னு பாக்கறேன். சரியானதும் அடிக்கிறேன், அதுவரைக்கும் அக்காவும் தம்பியும் பேசிட்டிருங்க, எனக்கென்ன, நான் கடிகாரமா?" மணியை ஒரு கையிலும் நாக்கை ஒரு கையிலுமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போய்விட்டார், சரி, ஆனால் இதன் விபரீதம் இப்போதுதான் உறைக்கிறது, அந்த மணி இல்லாமல் நான் என்ன செய்வேன்? கூப்பிடுவதற்கு மட்டுமா அது, சந்திப்பு நேரம் முடிந்தது என்று சொல்வதும் அதுதானே, இத்தனை வருஷமாக என்னைக் காப்பாற்றி வந்தது அதுதானே... வருஷத்தில் நாலு நாள்தான் இங்கே சொந்தக்காரர்களைப் பார்க்க விடுவார்கள், நாலு நாளும் தவறாமல் வந்துவிடுவேன், வந்து என் வேலை, என் மனைவியின் முழங்கால் வலி, வீட்டுக்குள் ஒழுகும் குழாய் என்று சுற்றிச் சுற்றிப் பேசி, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, உனக்கு..." என்று ஆரம்பிப்பேன், டிங். போன தடவை டிங். அதற்கு முந்தின தடவை "அப்பா அன்னிக்கு..." வரைக்கும் போனேன், டிங். எழுந்துவிடுவேன், எவ்வளவு சந்தோஷமாக எழுந்துவிடுவேன், அடுத்த தடவை பேசிக்கலாம்க்கா என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை உள்ளே தள்ளுவேன். இன்றைக்கு அந்தப் புண்ணியவதியின் நாக்கை என் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டேன். மேசையில் மணி இருந்த இடம் மட்டும் வட்டமாக, பாலிஷ் மங்காமல் தெரிகிறது. கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருக்கிறது.

பையில் எங்கள் குழு மொழிபெயர்த்த ஓர் அதிகாரம் இருக்கிறது, நாளைக் காலையில் அச்சுக்குப் போக வேண்டும், என் ஒருவன் ஓட்டுக்காகக் காத்திருக்கிறது. குழுவில் நாங்கள் மூன்று பேர். தலைவர், எரித்தான் கட்சி. பேராசிரியை அம்மா, எரிக்கவில்லை கட்சி. நான் அடிக்குறிப்பு, அது என் கட்சியல்ல, எனக்கு வைத்திருக்கும் பெயர், எந்த வரியைக் கொடுத்தாலும் ஒன்றை மேலே எழுதி, 'அல்லது இப்படியும் பொருள் கொள்ளலாம்' என்று இன்னொன்றைக் கீழே எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவன், கல்யாணத்தில் சம்மதமா என்று கேட்டபோது "பெரும்பாலும்" என்று சொன்னேனாம், என் மனைவி கட்டிவிட்ட கதை, ஆனால் யாரும் நம்ப மறுத்ததில்லை. கதை என்னவோ சின்னதுதான். ஒரு படைத்தலைவன். போருக்குப் போகுமுன் நேர்ந்துகொள்கிறான், ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலிலிருந்து என்னை எதிர்கொண்டு வருவது எதுவோ அது கடவுளுக்கு, அதை எரிபலியாகக் கொடுக்கிறேன் என்று. ஜெயிக்கிறான். திரும்புகிறான். மேளம் தட்டி ஆடிக்கொண்டு வருகிறாள் ஒரே மகள். ஐயோ மகளே, என்னை இப்படிக் கவிழ்த்துவிட்டாயே என்கிறான், பாருங்கள், இவன் வாயைத் திறந்து நேர்ந்துகொள்வானாம், அவள் கவிழ்த்துவிட்டாளாம்... அவள் என்ன சொல்கிறாள், வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் அப்பா, கொடுத்தபடியே செய்யுங்கள் என்கிறாள், இரண்டு மாதம் மட்டும் விடுங்கள், தோழிகளோடு மலைகளில் அலைந்து, கல்யாணமாகாத என் கன்னிமைக்காக அழுதுவிட்டு வருகிறேன். வருகிறாள். நேர்ந்தபடி அவளுக்குச் செய்தான் என்று ஒரு வரி. என்ன செய்தான் என்று இல்லை. அப்புறம் அந்த நாட்டுப் பெண்கள் வருஷந்தோறும் நாலு நாள் அவளுக்காகப் போவார்கள் என்று முடிகிறது.

எரித்தானா, எரிக்காமல் கடவுளுக்கென்று கன்னியாகவே விட்டுவைத்தானா? இதற்குத்தான் மூன்று பேரும் எத்தனையோ மத்தியானங்களை ஆறிப்போன டீயோடு கழித்தோம். நான் சும்மா இருக்கவில்லை, அகராதிகளை உருட்டினேன், எபிரேயத்தின் பங்காளி மொழிகளில் எல்லாம் போய்க் கதவைத் தட்டினேன், அவன் நேர்ந்துகொண்ட வாக்கியத்தின் நடுவே கொக்கி மாதிரி ஓர் ஒற்றை எழுத்து நிற்கிறது, சாதாரணமாக அதற்கு 'உம்' என்று பொருள், கொஞ்சம் வளைத்தால் 'அல்லது', மனுஷர் வந்தால் கடவுளுக்கு ஊழியம், அல்லது மிருகம் வந்தால் பலி, பாருங்கள் ஒரு எழுத்தை வளைத்தால் ஒரு பெண் பிழைத்துக்கொள்கிறாள். கடைசி வரியில் அந்தப் பெண்கள் போய் என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் அபூர்வமான வினைச்சொல், புலம்பினார்கள் என்பார்கள் சிலர், அவளோடு பேசிவிட்டு வந்தார்கள் என்றும் சொல்ல இடமிருக்கிறது, செத்தவளோடு யார் போய்ப் பேசுவார்கள், ஆகவே உயிரோடு இருந்தாள், ஆகவே... தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "ஏம்ப்பா அடிக்குறிப்பு, அவ பிழைச்சாகணும்னு உனக்கு என்ன அவ்வளவு அவசரம்? அவ உனக்கு என்ன, அக்காவா தங்கச்சியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நான்தான் அதிகம் சிரித்தேன்.

எனக்கு ஆறு வயது. காய்ச்சல். இறங்காத காய்ச்சல், தலைமாட்டில் ஈரத்துணி, வாயில் கசப்பு, நடுக்கூடத்துக் கட்டிலைக் கதவோரம் நகர்த்திப் போட்டிருந்தார்கள் காற்று வருமென்று. அப்பா படைத்தலைவர் எல்லாம் இல்லை, பஞ்சாலையில் சூப்பர்வைசர், சிப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்து நின்றுகொண்டு, பையன் பிழைத்தால் பெண்ணை உனக்குத் தந்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாராம். பிழைத்துவிட்டேன். அதை ஒரு அடிக்குறிப்பும் இல்லாமல் செய்தேன். அக்காவைக் கூப்பிட்டு அப்பா சொன்னது எனக்கு நினைவில்லை, அவள் பதில் மட்டும் நினைவிருக்கிறது, "சரிப்பா." அவ்வளவுதான். தெளிவான குரல். இந்த 'சரிப்பா'வை வைத்துத்தான் நான் வளர்ந்தேன், படித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், அவளே சரி என்றாளே, யாரும் பிடித்துத் தள்ளவில்லையே... வேறு யாராவது இப்படி ஒரே வார்த்தையின் மேல் வீடு கட்டியிருந்தால், அதன் பொருளை ஒருமுறையாவது விசாரித்திருப்பேனா மாட்டேனா? விசாரிப்பதுதானே என் பிழைப்பு?

செருப்புச் சத்தம். அக்காதான். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், இடது காலைச் சாய்த்து வைக்கிறாள், போன தடவை அப்படி இல்லை. "மணியை உடைச்சியாமே. மடமே சிரிக்குது." "தானா கழண்டுச்சுக்கா." "உன் கை பட்டா எல்லாம் தானாத்தான் கழலும். சாப்ட்டியா?" சாப்பிட்டேன் என்றேன், கால் என்ன என்றேன், வயசு என்றாள், மனைவியின் முழங்காலைப் பற்றி அவளாகவே கேட்டாள், ஆக முழங்கால் தீர்ந்தது, குழாய் தீர்ந்தது, வழக்கமாக இவ்வளவுக்கே முக்கால் பங்கு நேரம் போய்விடும், இன்றைக்கு என்னவோ பேச்சு சீக்கிரம் வற்றிவிட்டது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு என்றேன். முடித்த பகுதியை எபிரேயம் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், வாசித்தவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும், என்ன நடந்தது, யாருக்கு நடந்தது, எங்கே இடிக்கிறது, இந்த மூன்றை மட்டும் கேட்கலாம், விளக்கம் சொல்லக்கூடாது, சொன்னால் அது மொழிபெயர்ப்பு இல்லை, வக்காலத்து. "வழக்கமா யாருக்கு வாசிப்ப?" "என் பொண்டாட்டிக்கு. ரெண்டாவது வரியில தூங்கிடுவா." "அப்ப நான் மூணாவது வரி வரைக்கும் தாங்கறேன், படி." ஏன் இவளைத் தேர்ந்தெடுத்தேன்? எபிரேயம் தெரியாது, பொய் சொல்ல மாட்டாள், அதனால்தான். அதனால்தானா? அந்தப் பெண் நன்றாகத்தான் இருந்தாள் என்று இவள் வாயால் கேட்டுக்கொண்டு போக வந்தேனா?

வாசித்தேன். என் பிரதியைத்தான், வளைத்த எழுத்தோடு, எரிக்காத அப்பனோடு, நாலு நாள் போய்ப் பேசிவிட்டு வரும் பெண்களோடு, எரித்தான் என்பதைக் கீழே தள்ளிய அடிக்குறிப்போடு. வாசிக்கும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது, வெட்கக்கேடு. அவள் கைகளை மேசை மேல் மடித்து வைத்துக் கேட்டாள். முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எங்கோ உள்ளே தண்ணீர் பிடிக்கிற சத்தம், வாளி நிறைகிற சத்தம்.

"இதை இங்க வாசிக்க மாட்டாங்க," என்றாள். "நானாத்தான் எடுத்துப் படிச்சிருக்கேன். பழைய பைபிள்ல படிச்சா எரிச்சிட்டான்னுதான் தோணும்."

"என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுக்கா."

"நீ காப்பாத்திட்ட, அதான் நடந்துச்சு." சிரித்தாள், கொஞ்சமாக. "யாருக்குன்னு அப்புறம் சொல்றேன். எங்க இடிக்குதுன்னா... அவ அம்மா எங்கடா?"

விளக்கம் சொல்லக்கூடாது, சொன்னேன். "மூலத்துல அம்மாவே இல்லைக்கா."

"மூலத்துல இல்லன்னா வீட்டுலயும் இல்லாமலா போயிடுவா? நம்ம அம்மா இருந்தா. பெட்டியில எனக்குத் துணி அடுக்கினா. மடிச்சதையே பிரிச்சு மறுபடி மடிச்சா. ஒரு வார்த்தை பேசல." விரலால் மேசை விளிம்பைத் தடவினாள். "இந்தப் பொண்ணுக்குப் பரவால்ல. ரெண்டு மாசம் குடுத்தாங்க, மலையெல்லாம் சுத்தினா, கூட அழ ஆள் இருந்துச்சு. எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்."

இதை அவள் சிரிப்புக்காகச் சொன்ன மாதிரிதான் இருந்தது, நான் சிரித்திருக்க வேண்டும், நான்தானே எப்போதும் அதிகம் சிரிக்கிறவன்... வரவில்லை. இந்த இடத்தில்தான் அந்த மணி அடிக்க வேண்டும். இதோ இப்போது. வட்டமான அந்த இடத்தைப் பார்த்தேன், பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அவளும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அட, இவளும் அதற்குத்தான் காத்திருக்கிறாளா, இத்தனை வருஷமாக நான் மட்டும்தான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேனே, இரண்டு பேரும்தானா? வாளிச் சத்தமும் நின்றுவிட்டது. நடைபாதையில் யாரும் வரவில்லை. கம்பி கிடைத்திருக்காது.

"அக்கா," என்றேன், தொண்டையைச் செருமாமல், "அன்னிக்கு அப்பாகிட்ட சரின்னு சொன்னியே. இஷ்டப்பட்டா சொன்ன?"

"இல்ல."

அவ்வளவுதான், மேலே கீழே ஒன்றும் இல்லாமல். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறு வயதுப் பையனிடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்: "நீ கதவோரம் கட்டில்ல கிடந்த. கண்ணைத் திறந்துகிட்டு என்னையே பாத்துட்டிருந்தடா. அப்பா கேக்கறார், நீ பாக்கற. வேற என்னத்தைச் சொல்றது?"

நான் விழித்திருந்தேனா? குரல் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றேனே, அப்படியானால் கண்ணால் பார்த்ததை எங்கே கொண்டுபோய் வைத்தேன்? கையில் தாள்கள் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன. கேட்காமல் போய்விடலாம், நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த தடவை பேசிக்கலாம்க்கா... எழுந்துகொள்ளச் சொல்ல ஆள் இல்லை.

"என் மேல கோபம் இருக்காக்கா?"

அவள் தாள்களை என் கையிலிருந்து வாங்கி, ஓரம் சரியாக இருக்கும்படி மேசையில் தட்டி, மணி இருந்த இடத்தில் வைத்தாள்.

"இருக்கு," என்றாள். "எல்லா நாளும் இல்ல. ஆனா இருக்கு. இதையும் கொண்டுபோய்க் கீழ எழுதிடாதடா, மேலயே இருக்கட்டும்."