இரண்டாம் பாகத்தில் இல்லாத வரி

மாடியில இருக்கற எங்க தையல் கடையில துணி வெட்டறது நான். காலையிலயே வெட்டிப் போட்டுட்டா, மத்தவங்க தைக்கத் தைக்க நான் சத்தமா கதை படிக்கணும். மிஷின் நின்னுச்சுன்னா கதை சூடு பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

அப்போ படிச்சுக்கிட்டிருந்தது, பழைய பெரிய நாவல்களை எல்லாம் கரைச்சுக் குடிச்சுட்டு யாரோ எழுதின காதல் கதை. முதல் பாகத்துல திமிர் பிடிச்ச ஒரு பணக்காரன் நாயகியை மட்டமாப் பேசுவான். அவ போடான்னுடுவா. அப்புறம் திருந்தி வந்து நிப்பான். கூடவே தைக்கற என் தங்கச்சி அதுலயே உருகிப் போனா. இவளுக்கும் ஒருத்தன் வாய்ச்சான், மருந்துக்கடைக்காரன். "தையக்காரிக்கு இவ்ளோ வாயா"ன்னு முதல்ல கேட்டவன், இப்போ மன்னிப்புக் கேட்டுட்டு, கட்டிக்கறேன்னு நிக்கறான். அன்னைக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும்.

"கதையில வர்றவர் மாதிரியேதான் அக்கா இவரும்," ன்னா.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவன் முழியே சரியில்ல. சொன்னா, உனக்குப் பொறாமைம்பா.

இரண்டாம் பாகத்தை எடுத்தேன். அதுல கல்யாணத்துக்கு அப்புறமும் அந்த ஆள் தங்கமாத்தான் இருந்தான், சனியன். அதனால நானே ஒரு வரியைச் சேர்த்து, புத்தகத்துலேருந்து கண்ணை எடுக்காமப் படிச்சேன்.

"'இனிமேல் நீ உன் அக்காவைப் பார்க்க வேண்டாம். உனக்கு நான் ஒருவன் போதும்' என்றான் அவன்."

தங்கச்சி மிஷின் நின்னுச்சு.

"உங்கிட்ட யாரு சொன்னாக்கா?"

"எதை?"

"இதைத்தான். நேத்து பஸ் ஸ்டாப்புல அவர் இப்படியேதான் சொன்னார். பாசத்துல சொல்றார்னு நெனச்சேன்."

நான் இட்டுக்கட்டின வரி அது. அவ எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கினா. பக்கம் முழுக்க விரலை ஓட்டித் தேடினா. திரும்பவும் மேலேருந்து தேடினா. அந்த வரி இல்ல. என்னைத் திட்டப் போறாள்னு நெனச்சேன்.

"ஏன்டி நிறுத்திட்டே, படி," ன்னாங்க மூலையில பட்டன் தைக்கற அத்தை.

கீழே தெருவுல பைக் ஹார்ன் அடிச்சுது. மருந்துக்கடைக்காரன்தான், பதில் கேக்க வந்துட்டான். மறுபடியும் அடிச்சான், விடாம.

தங்கச்சி புத்தகத்தை என் மடியில வெச்சா.

"அவ என்ன பதில் சொன்னா? அதையும் படி அக்கா."

பக்கத்துல இருந்த எழுத்து ஒண்ணும் என் கண்ணுல படல. இருந்தாலும் குனிஞ்சு படிச்சேன்.

"'அப்படியானால் நீ வேண்டாம்' என்றாள் அவள்."

அதை வாய்க்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, தங்கச்சி கீழே இறங்கிப் போனா.