ஐம்பத்தெட்டு கிலோ தோட்டாக் கூடு

சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டின் அடையாளத்தைச் சரியாகச் சொன்ன மறுநொடி, அது எந்த உயிரை எடுத்ததோ அந்த உயிரின் எடைக்கு வந்துவிடும். அதுவரை எல்லாக் கூடும் விரலால் சுண்டினால் பறக்கிற கனம்தான். பழைய கூடுகளுக்கு விலை மதிக்கும் தராசுக்காரர் இதனாலேயே கடையை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றினார். வாத்து என்றால் ஒன்றரைக் கிலோ, முயல் இரண்டு. காட்டுப்பன்றி வந்தால் மேசைக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். குறி தப்பிய கூடு லேசாகவே கிடக்கும். அதைச் சேகரிப்பாளர்கள் சீந்துவதில்லை.

தையல்காரியின் ஒரே மகன் இரண்டு பேரோடு வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை. சண்டை போட்டுக்கொண்டு ஏதோ லாரியில் ஏறிப் போய்விட்டான் என்று அந்த இருவரும் சாதித்தார்கள். ஒருவன் தராசுக்காரரின் மச்சான், மனைவியின் தம்பி. அன்றிலிருந்து அவள் ஞாயிறுதோறும் காட்டில் கூடு பொறுக்கி, பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தாள். முதல் தடவை பித்தளை அடிப்பாகத்தைப் பளபளவென்று தேய்த்திருந்தாள்.

“ஐயோ, தேய்ச்சுட்டியேம்மா! எழுத்தெல்லாம் மங்கிப்போச்சு. பாதி விலை போச்சு.”

“விலை எனக்கெதுக்குண்ணே? எடையைச் சொல்லுங்க.”

அவர் முயல் என்று சொன்னால் அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். பதினோரு வருடம் முயலும் வாத்துமாகவே ஓடியது, பாவம்.

ஒரு மழைநாள் மதியம் வெளிறிய சிவப்புக் காகிதக் கூடு ஒன்று வந்தது. அடியில் ஊசி குத்திய பள்ளம் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் விலகியிருந்தது. அப்படிக் குத்தும் துப்பாக்கி ஊரில் ஒன்றுதான். தராசுக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“பறவைக் குண்டும்மா. ரொம்பப் பழசு. குறி தப்பியிருக்கு.”

கூடு லேசாகவே கிடந்தது. அவள் நகரவில்லை.

“இத்தனை வருஷத்துல கண்ணாடி இல்லாம நீங்க ஒண்ணும் சொன்னதில்லையேண்ணே. போட்டுக்கிட்டுச் சொல்லுங்க.”

போட்டுக்கொண்டார். “பன்னெண்டாம் அளவு. பன்றிக் குண்டு. ஆறு வருஷம் மட்டும் தயாரான சிவப்புத் தாள். என் மச்சான் துப்பாக்கி.”

மேசைக் கால் முறிந்தது. கூடு சிமெண்டுத் தரையில் விழுந்து பள்ளம் பறித்தது. இருவரும் சேர்ந்து தூக்கித் தராசில் வைத்தார்கள். ஐம்பத்தெட்டு.

“அறுபது இருந்தான்,” என்றாள் அவள். “காட்டுல சரியா சாப்பிடலை போல.”

அவர் சீட்டெழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைக் கொண்டு சாயங்காலமே மச்சானைப் பிடித்துப் போனார்கள். அவருடைய மனைவி அதன்பின் அவரோடு பேசவே இல்லை. கடைசிவரை அவர் தனியாகத்தான் சாப்பிட்டார்.

அன்று சீட்டெழுதி முடிந்ததும் சுமைக்காரர்கள் இரண்டு பேர் கூட்டைத் தூக்க வந்தார்கள். தையல்காரி தொடவிடவில்லை. புடவைத் தலைப்பால் மண்ணைத் துடைத்து, கூட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கடைத்தெருவில் வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. வழியில் மூன்று இடத்தில் நின்று இடுப்பு மாற்றிக்கொண்டாள். மழை விடாததால் கூட்டின் திறந்த வாயை உள்ளங்கையால் மூடியிருந்தாள்.