கொக்கியில் ஒரு மயிரிழை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போயிருந்தேன். மாடிப்படிக்கு அடியில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றுதான் ஆக வேண்டிய கடை. வாட்ச்காரருக்கு ஐம்பத்திரண்டு வயதிருக்கும். என் கடிகாரத்தின் முதுகைத் திறந்துகொண்டே, "என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான் சார், அவனும் வாட்ச் ரிப்பேர்தான்" என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். பாதி வழியில் 'அவன்' போய் 'நான்' வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு உள்ள திருட்டுப் புத்தி.

"இதை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. என் ஃப்ரெண்டு கோவிச்சுக்க மாட்டான்."

2

எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

தங்கத்துக்கு ஒரு குணம் உண்டு, அது

(அடித்துவிட்டேன். நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

மழை விடாமல் பெய்த ஒரு மாலை நேரத்தில் அவள்

(மழையும் இல்லை, மாலையும் இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில், காலை பதினொரு மணி. 'அவள்' என்பதும் சரிப்படாது. வாட்ச்காரர் கடைசிவரை 'அவங்க' என்றுதான் சொன்னார்.)

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். காலை பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி படிக்கட்டுக்குக் கீழே குனிந்து வந்து, தங்கச் செயின் போட்ட கைக்கடிகாரம் ஒன்றைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தார்.

"அண்ணே, லாக் ஒழுங்கா விழ மாட்டேங்குது. விழுந்தாலும் தானா கழண்டுக்குது."

மடித்து மூடுகிற கொக்கி அது. இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து 'டிக்'கென்று விழ வேண்டும். மேல்தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்தவர் மாதிரி இருந்தது. ஓரத்தில் சின்னச் சின்னக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில்.

"மேஜை விளிம்புல மாட்டி இழுத்துக் கழட்டுறீங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? லேப்ல ரத்தம் எடுக்கிற வேலைங்க. கையுறை போடும்போது இது இடிக்கும். இன்னொரு கையில குழாய் இருக்கும். அவசரத்துக்கு மேஜைதான்."

"அதுக்கு இதைக் கட்டாமலே வரலாமே?"

"அது முடியாதுங்க."

ஏன் முடியாது என்று வாட்ச்காரர் கேட்கவில்லை. (என் முதல் வரைவில் கேட்கவைத்தேன். கேட்டவுடன் அந்த அம்மாள் ஒன்றரைப் பக்கம் பேசினார். கிழித்துப் போட்டேன். ஒருவரை முதன்முதலாகப் பிடித்துப்போகும்போது நாம் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.)

குறட்டின் வாய்க்குத் தோல் சுற்றி, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். பத்து நிமிட வேலை. கொக்கி சுத்தமாக விழுந்தது. முதல் தடவை அவர் செய்தது நேர்மையான வேலை. இதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3

நாலு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். மறுபடியும் மேஜை விளிம்புதான். இந்தத் தடவை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. நம் மொழியில் ஒருவரை எப்படியும் கூப்பிடாமல் அரை மணி நேரம் பேசுவது லேசான காரியமா? அவர் பேசினார்.

"பெரிய பெரிய மீசை வச்சவங்கதான் ஊசியப் பார்த்ததும் பொத்துன்னு விழுவாங்க. சின்னப் புள்ளைங்க பரவாயில்ல. நேத்து ஒருத்தர் விழுந்த வேகத்துல என் நாற்காலிய ஒடச்சிட்டார்."

வாட்ச்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணம் ஆகாதவர், விதவையான அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பவர், நாள் முழுக்கப் பல்சக்கரங்களோடு பேசுபவர். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது என்றார்.

அன்றைக்குத்தான் அதைச் செய்தார். தகட்டை முழுக்க நிமிர்த்தாமல் ஒரு மயிரிழை விட்டுவைத்தார். கொக்கி விழும். ஒன்றரை மாதம் தாங்கும். பிறகு சாயும்.

[இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டேன். இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. நம்பிக் கொடுத்த பொருளில் வேண்டுமென்றே குறை வைக்கிற ஒருவரை எதற்காக நான் உங்களிடம் கூட்டிவர வேண்டும்? மூன்று நாள் எழுதவில்லை. நாலாம் நாள், யாரோ ஒருவர் மறுபடி வர வேண்டும் என்பதற்காக அவருடைய குடையைத் திருப்பிக் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. பேனாவைத் திறந்தேன்.]

அவர் கணக்குப் போட்டபடியே ஒன்றரை மாதத்தில் அந்த அம்மாள் வந்தார். அடுத்த ஒன்றரை மாதத்திலும் வந்தார். வாட்ச்காரரின் அக்கா மதியச் சாப்பாட்டோடு வரும்போது ஒருமுறை அவரைப் பார்த்து, ஊசிக் கதையும் கேட்டுவிட்டு, "யாருடா அந்த ஊசிக்காரி? அவ வர்ற சமயத்துல மட்டும் நீ சட்டைய இஸ்திரி போட்டுக்கிற?" என்றார்.

"தற்செயல்க்கா."

"ஆமா, தற்செயலாத்தான் நானும் பார்த்தேன்."

நாலாவது தடவை வந்தபோது அந்த அம்மாள் கையோடு ஊசி கொண்டுவந்திருந்தார். "நாள் பூரா உக்காந்தே இருக்கீங்க. சர்க்கரை பார்த்திருக்கீங்களா? கைய நீட்டுங்க." கடை ஸ்டூலில் தான் உட்கார்ந்து, வாட்ச்காரரைக் குனியவைத்து, அவர் முழங்கையைத் தன் மடிமேல் வைத்து, இரண்டு விரலால் தட்டித் தேடினார்.

"நல்ல நரம்பு உங்களுக்கு."

ஐம்பத்திரண்டு வருஷத்தில் அதைவிட நல்ல வார்த்தை தன்னிடம் யாரும் சொன்னதில்லை என்றார் வாட்ச்காரர். (குறிப்பு: சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. முடிவைத் தொலைபேசியில் சொல்லி, நன்றாகத் திட்டினாராம். அந்தத் திட்டை வார்த்தை பிசகாமல் என்னிடம் ஒப்பித்தார்.)

4

ஐந்தாவது தடவை.

"பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வேலைய விட்டுட்டேன். அடுத்த வாரம் அவகிட்டப் போயிடறேன். அங்க உங்கள மாதிரி கை கிடைக்காது. இதை ஒரேயடியா சரி பண்ணிக் கொடுத்துடுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

வாட்ச்காரர் தலையை ஆட்டினார். வேறு எதையும் ஆட்ட முடியவில்லை.

"இது யார் கொடுத்ததுன்னு நீங்க கேட்டதே இல்ல" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரர் கட்டிவிட்டது. அவர் இருந்தவரைக்கும் அவரை எனக்கு அவ்வளவாப் பிடிக்காது. போனதுக்கப்புறம் இதைக் கழட்ட மனசு வரல. இது எங்கயாவது கழண்டு விழுந்து தொலஞ்சா, நானே வேணும்னு தொலைச்ச மாதிரி ஆயிடும். அதான்."

அவர் போன பிறகு வாட்ச்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கொக்கியைத் திருப்பினார். கீல் ஓரத்தில் முடிபோல ஒரு கோடு. விரிசல். வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி, தகடு சலித்துப்போயிருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு பேருந்தில், சத்தமில்லாமல் கழன்று விழுந்திருக்கும்.

அக்கா சாப்பாட்டைத் திறந்து வைத்தார். தம்பி தொடவில்லை.

"அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும். ஒரே லாக்க அஞ்சு தடவை சரி பண்றான்னா அவன் வேலை தெரியாதவனா இருக்கணும். உனக்கு வேலை நல்லாத் தெரியும்." பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. சாப்பிட்டுட்டு அந்த லாக்கப் பாரு. அவ வாங்க வந்ததும் உள்ளதச் சொல்லு. அவ திட்டினா வாங்கிக்க."

அன்று மதியம் முழுக்க வேறு வேலை எடுக்கவில்லை. செயினைக் கடிகாரத்திலிருந்து பிரித்தார். கீலின் ஊசியைத் தட்டி எடுத்தார். விரிசலில் எள்ளளவு தங்கம் வைத்து, சின்னச் சுடரை ஊதி, உருகி ஓடியதும் நிறுத்தினார். அரத்தால் நீவினார், மெருகேற்றினார். தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். இரண்டு தகடுக்கும் நடுவே வெளிச்சம் நுழையவில்லை. தன் வாழ்நாளில் செய்த மிகச் சரியான வேலை, ஒருவரை அனுப்பிவைப்பதற்காகச் செய்தது.

5

மறுநாள் அவர் வந்தார். வாட்ச்காரர் கொக்கியை மூடிக் காட்டினார். கடிகாரத்தைக் கையில் கொடுக்காமல் கண்ணாடிமேல் வைத்தார்.

"ரெண்டாவது தடவையிலேர்ந்து நான் இதை வேணும்னேதான் சரியாப் பண்ணல."

"ஏன்?"

"சரியாப் பண்ணிட்டா நீங்க வர மாட்டீங்க."

வெளியே பேருந்து ஒன்று போனது. மாடிப்படியில் யாரோ ஏறினார்கள். தலைக்கு மேலே ஒவ்வொரு படியாகச் சத்தம் போய் முடிந்தது. அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். திறந்தார், மூடினார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்டேன்.

"அது மட்டும் வேண்டாம் சார். அது என்கிட்டயே இருக்கட்டும்."

சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். குனிந்து அடுத்தவருடைய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

நான் சும்மா இருப்பேனா? எழுதிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும், பாதி நானே வளைச்சதுதான்" என்று அவர் சிரிப்பதாக ஒன்று. உங்களுக்கும் பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்த அளவுக்கு நம்ப முடியவில்லை.

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான், கேக்க வேண்டியதக் கேக்கவே மாட்டார்" என்று ஒன்று. இது கொஞ்சம் நெருங்கிவருகிறது. ஆனாலும் அந்த அம்மாள் அவ்வளவு அழகாகப் பேசக்கூடியவர்தானா என்று

"நீங்க இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது." இது ஒன்று. இதை எழுதிவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதற்குமேல் என்னால் ஆகவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதப்போகிற வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் தினமும் காலையில் கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஸ்டூலைத் துடைத்து வாசல் பக்கமாகத் திருப்பி வைக்கிறார்.